512 பைட் திரி!

ஜனவரி பிறந்துவிட்டால் போதும். விருதுநகர் மாவட்டத்து இன்ஜினீயரிங் காலேஜ் ஹாஸ்டல்களில் கடைசி வருஷப் பையன்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிற கேள்வி ஒன்றுதான்: "பிராஜெக்ட் எங்கடா எடுக்கப் போறே?"

கவனித்தீர்களா? 'என்ன பண்ணப் போறே' என்று கேட்கவில்லை. 'எங்கே எடுக்கப் போறே!' தீபாவளிக்கு ஜவுளி எடுக்கிற மாதிரி. மதுரைக்கு பஸ் ஏறினால் பிராஜெக்ட் சென்டர்கள் இருக்கின்றன. கண்ணாடிக் கதவு, ஏ.சி., டைட்டில் பட்டியல். பிடித்ததைக் காட்டிப் பணத்தைக் கட்டினால் புரோகிராம், ரிப்போர்ட், பைண்டிங், வைவாவில் ஒப்பிக்கவேண்டிய பதில்கள் எல்லாம் ஒரே பார்சலில் வந்துவிடும். பையன் செய்யவேண்டியது, முதல் பக்கத்தில் தன் பெயரை ஸ்பெல்லிங் மிஸ்டேக் இல்லாமல் எழுதுவதுதான்.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? அப்பா தீப்பெட்டி ஆபீஸில் இருப்பார், அம்மா பட்டாசு ஆபீஸில். (வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தப் பக்கம் ஃபேக்டரியை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள். 'ஆபீஸுக்குப் போறேன்' என்றால் ஃபைல் புரட்டுகிற உத்தியோகம் இல்லை. சாயங்காலம் திரும்பும்போது கையெல்லாம் வெள்ளி நிறத்தில் அலுமினியப் பவுடர் ஒட்டியிருக்கும்.) பல வருஷங்கள் பிளஸ் டூ ரிசல்ட்டில் மாநிலத்துக்கே முதலிடம் பிடித்த மாவட்டம் இது. பிள்ளைகளாவது மருந்துப் பக்கம் போகாமல் இருக்கட்டும் என்று கட்டுகிற ஃபீஸ் அது. அந்தக் காசில் கடைசி வருஷம் ஒரு பார்சல் வாங்குவதா என்று கேட்டால், பையனுக்குக் கோபம் வரும். "வேற என்ன சார் பண்றது?" என்பான்.

பண்ணலாம். ஒரு குட்டி ஆபரேட்டிங் சிஸ்டம்!

போர்மேன் வேலை

'என்னது, விண்டோஸ் மாதிரியா?' என்று மயக்கம் போடவேண்டாம். ஓலைவெடியும் வெடிதான், பத்தாயிரம் வாலா சரமும் வெடிதான். நாம் பேசுவது ஓலைவெடி.

ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற போர்மேன். பட்டாசு ஆபீஸில் போர்மேன் தன் கையால் ஒரு சங்குசக்கரம்கூடச் சுற்றுவதில்லை. ஆனால், யார் எந்த அறையில் உட்காருவது, யாருக்கு எவ்வளவு மருந்து, யார் வேலை முடிந்தது என்பதெல்லாம் அவர் கவனிப்பு. கம்ப்யூட்டரிலும் அப்படியே. பாட்டு கேட்பது, கடிதம் அடிப்பது, படம் பார்ப்பது எல்லாம் தனித்தனி புரோகிராம்கள். அவற்றுக்கு மெமரி ஒதுக்கி, முறை வைத்து, சண்டை விலக்குகிற புரோகிராம்தான் ஆபரேட்டிங் சிஸ்டம்.

சரி, போர்மேனை யார் வேலைக்கு எழுப்புவது? ஸ்விட்சைப் போட்ட நிமிஷத்தில் கம்ப்யூட்டர் மெமரியில் ஒன்றும் கிடையாது. போர்மேன் டிஸ்க்கில் தூங்குகிறார். டிஸ்க்கிலிருந்து எடுத்து வரும் வேலையோ போர்மேனுடையது. ஆள் வந்தால்தான் ஆளைக் கூப்பிட முடியும்!

இந்தச் சிக்கலைத் தீர்க்க சிவகாசிக்காரருக்குச் சொல்லித்தரவேண்டுமா? திரி!

பழைய பி.சி. ஏற்பாட்டில், மதர்போர்டில் நிரந்தரமாகக் குடியிருக்கும் பயாஸ் என்கிற சின்னப் புரோகிராம் டிஸ்க்கின் முதல் 512 பைட்டை மட்டும் எடுத்து, மெமரியில் 31,744-ம் இடத்தில் வைத்து, 'இனி உன் பாடு' என்று விலகிக்கொள்ளும். அந்த 512-ல் கடைசி இரண்டு பைட்டுகள் 85, 170 என்று இருக்கவேண்டும். அதுதான் முத்திரை. இல்லாவிட்டால் பயாஸ் சீந்தாது. மிச்சம் 510 பைட். யூனிகோடு தமிழில், இணையத்தில் புழங்குகிற முறைப்படி, ஒரு குறிக்கு 3 பைட். ஆக, 170 குறிகள். ஒரு கல்யாண வாழ்த்துத் தந்தி அளவு. அதற்குள், டிஸ்க்கிலிருந்து அடுத்த பெரிய துண்டை எடுத்து வந்து பற்றவைக்கிற வித்தையை எழுதவேண்டும். அந்தத் துண்டு அதைவிடப் பெரியதைப் பற்றவைக்கும். சரவெடியில் நெருப்பு ஓடுகிற மாதிரி ஒன்றிலிருந்து ஒன்று. கடைசியில் 'கெர்னல்' என்கிற போர்மேன் எழுந்து உட்காருவார்.

புது மெஷின்களில் இந்த முறை மாறிவிட்டது. கவலையில்லை. 'கியூ-எமு' என்று ஒரு இலவசப் புரோகிராம் இருக்கிறது. ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் 2003-ல் வெளியிட்டது. உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருப்பதுபோல் நடிக்கும். ஆயிரம் தடவை தப்பாக எழுதினாலும் நிஜ மெஷினுக்கு ஒரு கீறல் விழாது.

தப்பாகத்தான் எழுதுவீர்கள். நமுத்துப்போன வெடி மாதிரி திரை கறுப்பாகவே இருக்கும். 'எர்ரர்' என்றுகூட வராது. ஏனென்றால், எர்ரர் மெஸேஜ் போடுவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் வேலை. இங்கே ஆபரேட்டிங் சிஸ்டமே நீங்கள்தான்! அதையும் நீங்கள்தான் எழுதவேண்டும். ஒரு தப்பைச் சமாளிக்கப் போய் இன்னொரு தப்பு, அதைச் சமாளிக்கையில் மூன்றாவது என்று விழுந்தால், பிராசஸர் வெறுத்துப்போய் முதலிலிருந்து தன்னைத்தானே ஸ்டார்ட் செய்துகொள்ளும். ஒரு ராத்திரி முழுக்க அது ஸ்டார்ட் ஆவதையே பார்த்துக்கொண்டிருக்கலாம்.

'A'வை அழுத்தினால்

திரி பற்றிக்கொண்டதும் முதல் சந்தோஷம் திரையில் ஓர் எழுத்து. பழைய பி.சி. திரை, வரிக்கு 80 எழுத்து வீதம் 25 வரி. ஆக 2,000 கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் மெமரியில் இரண்டு பைட்: ஒன்று எழுத்து, இன்னொன்று நிறம். அந்த இடத்தில் எண்ணைப் போட்டால் எழுத்து தெரியும். அவ்வளவுதான் ரகசியம்.

அடுத்து கீபோர்டு. 'A' என்ற பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டருக்கு 'A' என்று தெரிவதில்லை. 30 என்று ஒரு எண் வருகிறது. விரலை எடுத்தால் 158. ஷிஃப்ட் பட்டனுக்கு வேறு எண். 'ஷிஃப்ட் அமுங்கியிருக்கிறது, இன்னும் விடவில்லை, எனவே இது பெரிய எழுத்து' என்று கணக்கு வைத்துக்கொள்வது உங்கள் புரோகிராம். நாம் தினம் பொத்துப்பொத்தென்று தட்டுகிற கீபோர்டுக்குப் பின்னால் யாரோ ஒருவர் உட்கார்ந்து இதையெல்லாம் எழுதியிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைக்கும்.

தமிழில் 'வணக்கம்' போட ஆசைப்பட்டால் இன்னும் சுவாரஸ்யம். அந்தப் பழைய திரைக்குத் தெரிந்தது 256 உருவங்கள். தமிழ் எழுத்து 247. இங்கிலீஷுக்கும் இலக்கங்களுக்கும் இடமில்லை. போதாக்குறைக்கு ஓர் எழுத்துக்கு எட்டுப் புள்ளி அகலம்தான். அதற்குள் 'ணை'யை உட்காரவைத்துப் பாருங்கள்! ஆகவே புள்ளி புள்ளியாக நாமே வரையவேண்டும். சிவகாசி அச்சகங்களில் ஈய எழுத்துக் கோத்த பழைய கம்பாஸிட்டர் 'கெ' என்று கோக்க முதலில் கொம்பை எடுத்து வைப்பார், அப்புறம் 'க'. யூனிகோடில் தலைகீழ்: முதலில் 'க', அப்புறம்தான் கொம்பு. பின்னால் வருவதை முன்னால் கொண்டுவந்து வரைவது உங்கள் சிஸ்டத்தின் பொறுப்பு. எந்த பிராஜெக்ட் சென்டர் பட்டியலிலும் அகப்படாத டைட்டில் இது.

ஒரு மிஷின், இரண்டு காலண்டர்

இனிமேல்தான் நிஜமான போர்மேன் வேலை. பிராசஸர் ஒன்று, புரோகிராம் பத்து. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதாக நமக்குத் தோன்றுகிறது. அது கண்கட்டு வித்தை. கம்ப்யூட்டருக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. விநாடிக்கு 100 தடவை மணியடிக்கும்படி வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மணிக்கும் போர்மேன் எழுந்து, ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராமை நிறுத்தி, அது எந்த வரியில் நின்றது, கையில் என்ன கணக்கு வைத்திருந்தது என்பதைக் குறித்துக்கொண்டு, அடுத்த ஆளை உட்கார வைக்கிறார். நிறுத்தப்பட்ட புரோகிராமுக்குத் தான் நிறுத்தப்பட்டதே தெரியாது. இந்த மாற்றுகிற வேலையை அசெம்பிளியில் இருபது முப்பது வரியில் எழுதிவிடலாம். புரிந்துகொள்ள இரண்டு வாரம் ஆகும்.

அதோடு வருகிறது ஒரு வம்பு. சிவகாசி பிரஸ்ஸில் ஒரே மிஷினில் ஒரு ஜவுளிக்கடைக்கு முருகன் காலண்டரும், ஒரு பேங்க்குக்கு லட்சுமி காலண்டரும் ஒரே சமயத்தில் ஏற்றினால் என்ன ஆகும்? மயில்மேல் லட்சுமி உட்கார்ந்திருப்பாள். கம்ப்யூட்டரிலும் ஒரே எண்ணை இரண்டு புரோகிராம்கள் ஒரே சமயத்தில் திருத்தினால் அதே கதி. அதற்குப் பூட்டு உண்டு. மிஷினைப் பிடித்தவர் பூட்டிக்கொள்ளவேண்டும், முடித்ததும் திறக்கவேண்டும். முருகன்காரர் மிஷினைப் பூட்டிக்கொண்டு மைக்காகக் காத்திருக்க, லட்சுமிக்காரர் மையைப் பூட்டிக்கொண்டு மிஷினுக்காகக் காத்திருந்தால் அடுத்த தை மாதம் வரை காலண்டர் வராது. இதற்கு 'டெட்லாக்' என்று பெயர். பரீட்சைக்கு நெட்டுருப் போட்ட வார்த்தை, சொந்த சிஸ்டம் உறைந்து நிற்கும்போதுதான் அர்த்தமாகும்.

தனித்தனி அறை எதற்கு?

இது கொஞ்சம் நெஞ்சைத் தொடுகிற சமாசாரம். பட்டாசு ஆபீஸைத் தூரத்திலிருந்து பார்த்திருப்பீர்கள். பெரிய கட்டடம் இருக்காது. பொட்டல் காட்டில் சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு. ஓர் அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்று சட்டம். ஓர் அறையில் விபத்து நடந்தால் பக்கத்து அறை பிழைக்கவேண்டும் என்பதற்காக. அந்தச் சட்டத்தை மீறி ஆளையும் மருந்தையும் அடைத்தால் என்ன ஆகும் என்று இந்த மாவட்டம் பலமுறை பார்த்துவிட்டது. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அதற்கப்புறமும் விபத்துகள் நின்றபாடில்லை.

ஆபரேட்டிங் சிஸ்டமும் இதே இடைவெளியைத்தான் மெமரியில் கட்டுகிறது. மெமரியை 4,096 பைட் கொண்ட அறைகளாகப் பிரித்து, இந்தப் புரோகிராமுக்கு இந்த அறைகள் என்று ஒரு பட்டியல் போடுகிறது. பட்டியலில் இல்லாத அறையை எட்டிப் பார்த்தால், பிராசஸரே கையைப் பிடித்து போர்மேனிடம் இழுத்துப் போகும். அந்தப் புரோகிராம் மட்டும் காலி. மற்றவை பத்திரம்.

ஆனால், போர்மேனின் சொந்த அறைக்கு இந்தக் காவல் இல்லை. அங்கே ஒரு தப்பு நடந்தால் மொத்தமும் படுத்துவிடும். 2024 ஜூலை 19 ஞாபகமிருக்கிறதா? க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் புரோகிராம் விண்டோஸின் கெர்னல் அறைக்குள் உட்கார்ந்து வேலை செய்கிற வகை. அதற்கு அனுப்பிய ஒரு தப்பான ஃபைலால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை காட்டிப் படுத்தன. நம் ஏர்போர்ட்டுகளில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அறைச்சுவர் எதற்கு, எங்கே சுவர் இல்லை என்பது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி வேறு யாருக்குப் புரியும்?

மார்க் கிடைக்காத பிராஜெக்ட்

இதையெல்லாம் தனி ஆள் செய்யமுடியுமா? செய்திருக்கிறார்கள்.

1969-ல் அமெரிக்காவில் பெல் லேப்ஸில் கென் தாம்ஸன் என்பவர், இன்னும் மூன்று வாரம் கிடைத்தால் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் தேறிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார். அந்தச் சமயம் பார்த்து மனைவி கைக்குழந்தையை எடுத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குக் கலிபோர்னியா போனார். நம்மவர்களானால் சீட்டுக்கட்டைத் தேடியிருப்பார்கள். மனிதர் உட்கார்ந்து எழுதியதுதான் யூனிக்ஸின் முதல் வடிவம்.

அதன் ஆறாம் பதிப்பு 1975-ல் வந்தது. சிட்னியில் ஜான் லயன்ஸ் என்ற வாத்தியார் அதன் கெர்னலை அச்சடித்து, வரிக்கு வரி விளக்கம் எழுதி மாணவர்களுக்குப் பாடமாக வைத்தார். அடுத்த பதிப்புக்கு வந்தபோது, வகுப்பறையில் இதை நடத்தக்கூடாது என்று கம்பெனி லைசென்ஸில் ஷரத்து போட்டது. புத்தகம் ஜெராக்ஸ் எடுக்கப்பட்டு, ஜெராக்ஸிலிருந்து ஜெராக்ஸ் எடுக்கப்பட்டு, எழுத்து மங்கி மங்கி உலகம் பூராவும் சுற்றியது. முறையாகப் புத்தகமாக வெளிவந்தது 1996-ல்தான்.

கம்பெனி கதவைச் சாத்தியதும் ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டனென்பாம் என்ற பேராசிரியர் பாடம் நடத்துவதற்காகவே மினிக்ஸ் என்று ஒரு குட்டி சிஸ்டத்தை எழுதி, 1987-ல் புத்தகத்தோடு வெளியிட்டார். அதைப் படித்த ஹெல்சின்கி யுனிவர்சிட்டி மாணவர் ஒருவர், தவணையில் வாங்கிய பி.சி.யில் தானும் ஒன்று எழுத ஆரம்பித்தார். 1991 ஆகஸ்ட் 25-ம் தேதி, 'சும்மா பொழுதுபோக்குக்குத்தான், பெரிதாக ஒன்றுமில்லை' என்கிற தோரணையில் அதை அறிவித்தார். லினஸ் டொர்வால்ட்ஸ், வயது 21. சுமார் பத்தாயிரம் வரிகள். அதுதான் லினக்ஸ்.

மறுவருஷம் ஜனவரியில் டனென்பாமுக்கும் இவருக்கும் பகிரங்கமாக வாக்குவாதம். நீ என் ஸ்டூடன்ட்டாக இல்லாததற்குச் சந்தோஷப்படு, இந்த டிசைனுக்கு நல்ல மார்க் கிடைக்காது என்ற பொருளில் பேராசிரியர் போட்டார் ஒரு போடு. இன்றைக்கு உங்கள் சட்டைப்பையிலுள்ள ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பது அந்த மார்க் கிடைக்காத கெர்னல்தான். பேராசிரியரும் தோற்கவில்லை. அவருடைய மினிக்ஸ், இன்டெல் சில்லுகளுக்குள் ஒரு மூலையில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பது 2017-ல் ஊருக்கெல்லாம் தெரியவந்தது. ஒன்று பாடமாகப் பிறந்தது, இன்னொன்று பொழுதுபோக்காக!

நம்ம பக்கத்தில்

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 2006-ல், அதே ஆறாம் பதிப்பு யூனிக்ஸைப் பின்பற்றி 'எக்ஸ்வி-6' என்று ஒரு பாட சிஸ்டம் எழுதினார்கள். பத்தாயிரம் வரிகளுக்குள் முழு ஆபரேட்டிங் சிஸ்டம். புரோகிராம்கள் போர்மேனிடம் கேட்கக்கூடிய உதவிகள் மொத்தம் 21. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் செஸ்டர் ரெபைரோ இதை வைத்து நடத்திய ஆபரேட்டிங் சிஸ்டம் பாடம், என்.பி.டி.இ.எல். வீடியோக்களாக இலவசமாகக் கிடைக்கிறது. சாத்தூரில் உட்கார்ந்து பார்த்தாலும் அதே பாடம்தான்.

அதே ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் மாணவர்களோடு சேர்ந்து 'சக்தி' என்ற பிராசஸரையே வடிவமைத்தார்கள். 2018-ல் அந்தச் சில்லில் லினக்ஸ் எழுந்து உட்கார்ந்தது. முதல் சில்லு அமெரிக்காவில் இன்டெல்லிடம் அடிக்கப்பட்டது, அடுத்தது அதே வருஷம் சண்டிகரில். சக்தி பேசுவது ரிஸ்க்-ஃபைவ் என்ற மொழி. இன்றைய எக்ஸ்வி-6 பேசுவதும் அதே மொழிதான்.

மெஷினுக்கு எங்கே போவது? எக்ஸ்வி-6 ஓட 128 எம்.பி. மெமரி போதும். 2011-ல் தொடங்கி அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் ஒன்று வீட்டுப் பரணில் தூங்கினால் தட்டி எழுப்புங்கள். அந்த முதல் வருஷங்களில் வந்த மெஷின்களில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. சி-டாக்கின் சென்னை கிளையில் தயாராகி 2007-ல் வெளிவந்தது. அதைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேரோ!

கற்றுக்கொள்வதற்காகக் கஷ்டப்படுவது இந்த ஊருக்குப் புதுசும் இல்லை. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். தீப்பெட்டி வாங்கிவந்து விற்பதற்கு அல்ல. செய்வது எப்படி என்று தெரிந்துகொள்ள. மாதக்கணக்கில் அங்கேயே இருந்து தொழிலைப் படித்துத் திரும்பினார்கள். தீப்பெட்டி வந்தது. மருந்து பழகிய கை மத்தாப்பு செய்தது. பெட்டிக்கு லேபிள் வேண்டுமே என்று அச்சகம் வந்தது. அன்றைக்கு மொத்த விலைக்கு வாங்கி வந்திருந்தால், சிவகாசியில் இன்றைக்கு நாலு மளிகைக்கடை கூடுதலாக இருந்திருக்கும்!

ஆரம்பிக்க ஆசையா?

* முதல் வாரம்: சி மொழியில் பாயின்டரைத் திரும்பப் படியுங்கள். கியூ-எமுவை ஏற்றுங்கள்.
* இரண்டாம் வாரம்: 512 பைட் திரி. திரையில் ஒரே ஓர் எழுத்து வந்தால் ஹாஸ்டலுக்கு பரோட்டா.
* மூன்று, நான்காம் வாரம்: கீபோர்டு, கடிகார மணி.
* ஐந்து முதல் எட்டு வரை: இரண்டு புரோகிராம்களை மாற்றி மாற்றி ஓட்டுவது, மெமரியில் அறை கட்டுவது. இங்கேதான் அழுகை வரும். எக்ஸ்வி-6 வரிகளைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். படிப்பது காப்பியடிப்பது ஆகாது. புரியாமல் ஒட்டினால்தான் காப்பி.
* ஒன்பது முதல் பன்னிரண்டு வரை: ஃபைல், சின்னதாக ஒரு கட்டளை வரி. கடைசி வாரம் ரிப்போர்ட். அதையும் நீங்களே எழுதுங்கள்.

இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து செய்யுங்கள். ஒருவருக்குப் புரியாதது இன்னொருவருக்குப் புரியும்.

அப்புறம் வைவா. எக்ஸ்டர்னல் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்பார்:

"ஏம்ப்பா, இதுல வேர்டு ஓடுமா?"

"ஓடாது சார்."

"கேம்?"

"ஓடாது சார்."

"இன்டர்நெட்?"

"அதுக்கு இன்னும் ஒரு வருஷம் ஆகும் சார்."

"பின்ன என்னதான் ஓடும்?"

"நாங்க எழுதின நாலு புரோகிராம் சார். ஒண்ணு செத்தாலும் மத்த மூணும் ஓடும். வேணும்னா ஒண்ணைக் கொன்னு காட்டட்டுமா?"

கொன்று காட்டுங்கள். எந்த வரியைத் தொட்டு 'ஏன்?' என்று கேட்டாலும் பதில் சொல்லுங்கள். நல்ல எக்ஸ்டர்னல் என்றால் மார்க் கொட்டும். இல்லாவிட்டால், டொர்வால்ட்ஸுக்கும் மார்க் கிடைக்காது என்றுதான் சொன்னார்கள் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடியுங்கள். வீட்டில் அப்பா, "என்னய்யா செஞ்ச நாலு மாசமா?" என்று கேட்பார். அவருக்கும் விளக்க வழியிருக்கிறது. திரியிலிருந்து ஆரம்பியுங்கள். அவருக்குத் தெரியாத திரியா!